சம்பந்தி ஒற்றுமை ஓங்குக

எங்கள் வீட்டு மாடியில் நித்யா என்றொரு பெண் குடியிருக்கிறாள். காரைக்குடிப் பக்கம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவளுக்கும் அவள் கணவனுக்கும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. திருநின்றவூரிலிருந்து தினமும் ரயிலில் போய்வந்து அலுத்துவிட்டதாம், அம்பத்தூரில் ஃப்ளாட் பார்த்திருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தானும் நாலு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தாள். ஏதோ கேட்க வந்திருக்கிறாள் என்று புரிந்துவிட்டது. காரியம் இல்லாமல் யாரும் அடுத்த வீட்டு முருங்கைக்கீரையில் கை வைக்க மாட்டார்கள்.

“ஆன்ட்டி, அம்பத்தூர் உங்க ஊருதானே? அங்க ஃப்ளாட் வாங்க வேண்டாம்னு அப்பா சொல்றாரு. அது கட்சிக்காரங்க ஊராம். எப்பப் பாத்தாலும் மறியல், ஊர்வலம்னு கலாட்டாவா இருக்குமாம். நெஜமா ஆன்ட்டி?”

பேப்பருக்குப் பின்னாலிருந்து என் கணவர் பாஸ்கரன் சிரித்தார். மூக்குக் கண்ணாடி நழுவி மடியில் விழுகிற சிரிப்பு. “நிச்சயதார்த்தத்தன்னைக்கே குடும்பத்தோட கைதான ஆளு இங்க ஒருத்தர் உக்காந்திருக்கேன்னு உங்க அப்பாகிட்ட சொல்லும்மா” என்றார். அந்தப் பெண் உருவின கீரையைக் காம்போடு கலந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆயவேண்டியதாகிவிட்டது.

அவளுக்கு இந்தக் கதையைப் பாதிதான் சொன்னேன். கீரை அதற்குள் ஆய்ந்து முடிந்துவிட்டது. உங்களுக்கு முழுசாகச் சொல்கிறேன்.

மனுஷர்களுக்கு மாதிரியே ஊர்களுக்கும் பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் ஆவடி என்றால் பட்டாளம், மாங்காடு என்றால் அம்மன், பூந்தமல்லி என்றால் பஸ் மாறுகிற இடம். அம்பத்தூர் என்றால் ஸ்ட்ரைக். நான் இளம்பெண்ணாக இருந்தபோது வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய் ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், கேட்டவர் ஒரு விரல்கடை தள்ளி உட்காருவார். ஏதோ நான் கைப்பைக்குள்ளே கொடியைச் சுருட்டி வைத்திருக்கிற மாதிரி.

நித்யாவுக்குத் துணையாக நேற்று நாங்களும் அந்த ஃப்ளாட்டைப் பார்க்கப் போனோம். பழைய ரயில்வே கேட் பக்கம் ஆட்டோ நின்றதுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. கேட் இருந்த இடம் இப்போது பாலம். இறங்கி நின்று இடது பக்கம், வலது பக்கம் பார்த்து ஒருவழியாகத் திசை பிடித்தேன். கட்டிடம் நின்றது எங்கள் பழைய கல்யாண மண்டபம் இருந்த மனையில். கீழ்த்தளத்தில் ஒரு ஆள் இரும்புக் குழாயில் திருகு மரை வெட்டிக்கொண்டிருந்தான். எண்ணெய் சொட்டச் சொட்டச் சுருள் சுருளாக இரும்பு உதிர்ந்தது. அந்தச் சூடான எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியதும் நான் அப்படியே நின்றுவிட்டேன். அது எங்கள் அப்பாவின் சட்டை வாசனை.

அப்பா சிங்காரம், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டினவர். எங்கள் தாத்தா நெல் விளைவித்த நிலமெல்லாம் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. உழுத நிலத்தின் மேலேயே ஷெட் போட்டார்கள், அதற்குள் அப்பா இரும்பு கடைந்தார். “இந்த மிசினு நிக்கிற எடத்துல எங்கப்பன் நாத்து நட்டாரு” என்று அவர் சொல்வது வருத்தத்திலா பெருமையிலா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. செங்கொடிச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். எத்தனை சோப்பு போட்டாலும் அவர் சட்டையிலிருந்து எண்ணெய் வாசனை போகாது. சட்டைப் பையில் சிவப்பு நோட்டீஸ் எப்போதும் இருக்கும். அம்மா பார்க்காமல் துவைத்துவிட்டால் மற்ற துணியெல்லாம் இளஞ்சிவப்பாகிவிடும். எங்கள் வீட்டுத் தலையணை உறைகளுக்குக்கூட அரசியல் நிறம் உண்டு.

இன்னொரு கொடிக்காரர் எட்டியப்பன். அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருந்தார். வேறு கட்சி, வேறு சங்கம். அவர் பேச மைக் வேண்டாம். கேட் மூடியிருக்கும்போது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளோடு ரயில் போகிற சத்தத்தையும் மீறிப் பேசக்கூடியவர். சங்கத் தேர்தலில் இவரும் அப்பாவும் எதிரும் புதிரும். ஒரு தடவை நாற்காலிகள் பறந்தன, அப்பாவுக்கு நெற்றியில் தையல். அன்று சாயங்காலமும் எட்டியப்பன் வீட்டு இட்லிக்கு மாவு எங்கள் வீட்டு ஆட்டுக்கல்லில்தான் அரைபட்டது. எட்டியப்பன் மனைவி குழவியைச் சுற்ற, எங்கள் அம்மா தள்ளிக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்: “உன் ஊட்டுக்காரரு நாற்காலிய தூக்குனாராமே, இடுப்பு புடிச்சிகினு இருந்துதே, இப்ப சரியாயிடுச்சா?”

ஆகவே ஊருக்கு இருந்த பெயர் முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். கொடிகள் இருந்தன, கூச்சல் இருந்தது, மாதத்துக்கு ஒரு ஊர்வலமாவது போனது. ஆனால் சிவப்புக் கோட்டை, சிவப்புக் கோட்டை என்பார்களே, ஓட்டுப் பெட்டியைத் திறந்தால் வேறு வர்ணங்கள்தான் கொட்டும். ஓட்டுப் போட்டுவிட்டு வந்த அம்மா ஒரு தடவை அப்பாவுக்கு இரண்டு கரண்டி அதிகமாகக் குழம்பு ஊற்றினாள். அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. வீட்டுக்குள்ளேயே கோட்டை விட்டவர் ஊரில் எங்கே பிடிப்பது?

பாஸ்கரன் வந்த கதைக்கு வருகிறேன். நான் ஸ்விட்ச் செய்கிற கம்பெனியில் இருந்தேன், அவர் பக்கத்துக் கம்பெனியில் தரப் பரிசோதகர். சொந்த ஊர் கும்பகோணம், குடியிருந்தது திருநின்றவூரில் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில். எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில் தினமும் பார்ப்போம். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாக ஒரு அளவுக் கருவி வைத்திருப்பார். பஸ் வரத் தாமதமானால் அதை எடுத்து டிக்கெட்டின் கனத்தை அளந்து பார்ப்பார். இதைவிட அசடான ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. எனக்கு அவர்தான் வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஏன் என்று கேட்காதீர்கள். இன்றைக்கும் வீட்டில் தோசையின் கனத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருக்கிறார், இன்றைக்கும் எனக்குக் காரணம் தெரியவில்லை.

இரண்டு வீட்டிலும் பேசினார்கள். ஜாதகம் பொருந்தியது. ஊர்தான் பொருந்தவில்லை. அவர் அப்பாவுக்குக் கும்பகோணத்தில் அரிசி மண்டி, சத்தம் போட்டுப் பேசிப் பழகாத மனுஷர். “சம்பந்தம்னா ரெண்டு குடும்பம் சேர்றது. இவங்க எப்பவும் யாரையாவது எதிர்த்துக்கிட்டே இருக்காங்களே” என்று தயங்கினாராம். அவர் அம்மா இன்னும் நேராகவே சொல்லிவிட்டார். “அந்த ஊர்ல பொண்ணு எடுத்தா பந்தியிலயே கோஷம் போடுவாங்கடா.” பாஸ்கரன் பொங்கலுக்குப் போய் மன்றாடி, பட்டினி கிடந்து (பட்டினி என்று அவர்தான் சொல்கிறார், மதியச் சாப்பாடு ஒன்றைத்தான் விட்டாராம்), கடைசியில் அரை மனசாக ஒரு தேதி வாங்கி வந்தார். இந்தத் தேதி ஏதாவது காரணத்தால் தட்டிப்போனால் பேச்சை அத்தோடு விட்டுவிடுவது என்று அவர் அம்மாவின் நிபந்தனை.

தேதி குறித்தாயிற்று. எங்கள் வீடு சின்னது, அதனால் ரயில்வே கேட் மண்டபத்தைச் சாயங்காலத்துக்குப் பேசியாயிற்று. கேசரிக்கும் போண்டாவுக்கும் சமையல்காரரிடம் சொல்லியாயிற்று. அதற்குப் பிறகு, எல்லாச் சங்கங்களும் கூடி அதே தேதியில் மறியல் அறிவித்தன.

முடிவு எடுத்தவர்களில் அப்பாவும் ஒருவர். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே விஷயத்தைச் சொன்னார். அம்மா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

“இன்னாத்துக்கு மூஞ்ச தூக்குறே? காலைல பத்து மணிக்கு ரோட்ல ஒக்காருவோம். பதினொண்ணுக்கு போலீசு தூக்கினு பூடும். சாய்ங்காலம் ஆறு மணிக்கு விட்ருவான். ஆறரைக்கு நிச்சயம். நடுவுல அரை மணி நேரம் கீது.”

“குளிக்க வேணாமா?” என்றாள் அம்மா.

“மூஞ்ச தொடச்சிகினா ஆச்சு.”

அந்த வாரம் முழுக்க நான் அப்பாவோடு பேசவில்லை. ஊர் மேல், கொடி மேல், அந்த எண்ணெய் வாசனை மேல் எல்லாம் ஆத்திரமாக வந்தது. எல்லாருக்கும் அப்பா அப்பாவாக இருக்கும்போது எனக்கு மட்டும் ஏன் செயலாளராக இருக்கிறார் என்று அழுதேன். அப்பா தட்டில் கை வைத்தபடி என்னைப் பார்ப்பார், சோற்றைப் பிசைவார்.

அந்த நாளும் வந்தது. மறியல் சொன்னபடி நடந்தது, கைதும் சொன்னபடி நடந்தது. எங்கள் பக்கத்தில் மறியலில் கைது என்றால் ஜெயிலுக்குக் கொண்டுபோவதில்லை, உங்களுக்குத் தெரியாததா? வேனில் ஏற்றி ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் இறக்குவார்கள். வாசலில் பெயர் எழுதிக்கொள்வார்கள், மதியம் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பார்கள், சாயங்காலம் விட்டுவிடுவார்கள். அன்றைக்குக் கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். வழக்கமான மண்டபம் நிரம்பி வழிந்தது. இன்ஸ்பெக்டர் மிச்சம் இருந்தவர்களை எங்கே கொண்டுபோவது என்று யோசித்து, சாயங்காலம்வரை சும்மா கிடக்கிற ரயில்வே கேட் மண்டபத்தைத் திறக்கச் சொல்லிவிட்டார்.

வேனிலிருந்து இறங்கின அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அட, நம்ம மண்டபம்!” ஆறு மணிக்கு வெளியே போய் ஆறரைக்கு உள்ளே வருகிற வேலையும் மிச்சம். உடனே கைதானவர்களையே பெருக்கச் சொல்லி, ஜமக்காளம் விரித்து, மாவிலை கட்டவும் ஆரம்பித்துவிட்டாராம். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஒருவர் உயரமாக இருந்ததால் தோரணத்துக்கு ஆணி அடித்துக் கொடுத்திருக்கிறார்.

அதே நேரம் திருநின்றவூரில் பாஸ்கரன் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஒரு நல்ல காரியம் செய்தார். கும்பகோணத்திலிருந்து காலையில் வந்து இறங்கியிருந்தவர்களிடம், “அம்பத்தூர்ல மறியலாம். போகப் போக ரயிலையும் நிறுத்தினாலும் நிறுத்துவாங்க. இப்பவே போயிடுங்க” என்று கிளப்பிவிட்டார். நடுமதியத்துக்கு வந்து இறங்கிவிட்டார்கள். பஸ் ஓடவில்லை. தாம்பாளத் தட்டுகளைத் துணி போட்டு மூடித் தூக்கிக்கொண்டு நடந்தே மண்டபத்துக்கு வந்தார்கள். முன்னால் என் மாமனார். வெள்ளை வேட்டி, முழுக்கை வெள்ளைச் சட்டை, தோளில் கரை வைத்த துண்டு. பின்னால் மாமியார், உறவுக்காரர்கள், கடைசியில் பாஸ்கரன்.

வாசலில் இருந்த போலீஸ்காரரின் நிலைமையையும் யோசித்துப் பாருங்கள். மறியல் நாள். வெள்ளையும் சொள்ளையுமாக ஒருவர், பின்னால் ஒரு கூட்டம். ஏதோ ஒரு கட்சித் தலைவர் ஆட்களோடு தாமதமாகக் கைதாக வருகிறார் என்று அவர் முடிவுகட்டியதில் என்ன தப்பு? “வாங்க, வாங்க. பேர் சொல்லிட்டு உள்ள போங்க” என்றார். என் மாமனார் நின்று நிதானமாகத் தன் பெயர், தகப்பனார் பெயர், வயசு, விலாசம் எல்லாம் சொன்னார். மனைவி பெயரையும் சொன்னார். பிறகு மகன் பக்கம் திரும்பி, “வாசல்லயே ஆள் போட்டு வர்றவங்க பேரை எழுதுறாங்க. மரியாதை தெரிஞ்ச ஜனங்களாத்தான் இருக்காங்க” என்றாராம். பாஸ்கரன் எல்லாவற்றையும் அளந்து பார்க்கிற ஆள்தானே, அந்தக் காக்கிச் சட்டையை மட்டும் எப்படி விட்டார் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் நினைப்பிலேயே வந்தாராம். நம்பிவிட்டேன்.

எட்டியப்பன் மனைவி தெருவில் ஓடி வந்து கத்தின பிறகுதான் எங்களுக்குத் தெரியும். “உன் சம்பந்திய அரஸ்ட் பண்ட்டாங்கடீ!”

அம்மாவும் நானும் ஓடினோம். அம்மா கையில் அப்போது என்ன இருந்ததோ அதோடு ஓடி வந்தாள், ஒரு சீப்பு வாழைப்பழம். வாசல் போலீஸ்காரர் கையைக் குறுக்கே நீட்டினார். “கைதானவங்க மட்டும்தான் உள்ள போகலாம்.”

“நாங்களும் மறியல்தான். எயுதிக்கோ” என்றாள் அம்மா.

“மறியல்னா கோஷம் போடணும்மா.”

வாழ்நாளில் ஒரு கொடியையும் தொடாதவள் எங்கள் அம்மா. வாழைப்பழச் சீப்பைத் தலைக்கு மேலே தூக்கினாள். “ஒயிக!” என்றாள்.

“எதும்மா ஒழிக?”

“எல்லாந்தான்!”

அவர் சிரித்தபடி எங்கள் பெயரையும் எழுதிக்கொண்டார். இப்படியாக என் நிச்சயதார்த்தத்துக்கு நான் கைதாகித்தான் உள்ளே போக முடிந்தது.

உள்ளே போனோம். நாலு விதமான கொடிகள் சுவரில் சாய்ந்து கிடக்கின்றன, ஆட்கள் வேர்வையும் தூசியுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு நாற்காலியில் என் மாமனார், முகம் சுண்ணாம்பாக வெளுத்துப் போயிருந்தது. வாசலில் பெயர் எழுதினது எதற்கென்று அதற்குள் யாரோ சொல்லிவிட்டார்கள். பரம்பரையில் போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்காத குடும்பம். அப்பா அவர் எதிரே தரையில் குந்தியிருந்தார். அப்பாவை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. முதலாளிகளோடு மேஜையைத் தட்டிப் பேசுகிற மனுஷர், துண்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, “தப்பா நெனச்சிக்காதீங்க சம்பந்தி, தப்பா நெனச்சிக்காதீங்க” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வாரம் பேசாமல் இருந்தவள் போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

“எங்களை வெளிய விடச் சொல்லுங்க. அடுத்த ரயிலைப் பாத்துப் போறோம்” என்றார் மாமனார். சத்தமே போடவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பாஸ்கரன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

இன்ஸ்பெக்டரிடம் போய்ப் பேசியது எட்டியப்பன். “சார், இவுங்க எங்க ஆளுங்க இல்ல. நிச்சயத்துக்கு வந்த ஜனங்க. சிங்காரம் சம்பந்திங்க. விட்ருங்க சார், பாவம்.” அப்பாவின் நெற்றியில் தையல் போட வைத்த அதே எட்டியப்பன். இன்ஸ்பெக்டரும் நல்ல மனுஷர், தலையில் அடித்துக்கொண்டு, “போகச் சொல்லுங்கய்யா” என்று கதவைத் திறக்கச் சொல்லிவிட்டார்.

மாமனார் எழுந்தார். துண்டைச் சரிசெய்துகொண்டார். போகிற போக்கில் ஏதாவது பேச வேண்டுமே என்றுதான் கேட்டாரென்று நினைக்கிறேன். “எதுக்காக இந்த மறியல்? உங்க கம்பெனியில பிரச்சினையா?”

“எங்க கம்பெனி இல்லீங்க. வயர் சுத்துற கம்பெனி ஒண்ணு கீது. பொம்பளைங்க வேலை செய்ற எடம். சொல்லாம கொள்ளாம பூட்டிட்டான்” என்றார் அப்பா.

“அப்ப இவர் கம்பெனியா?” எட்டியப்பனைக் காட்டினார்.

“அவருதும் இல்ல.”

“இங்க இருக்கிறதுல அந்தக் கம்பெனிக்காரங்க யாரு?”

அப்பா ஒரு மூலையைக் காட்டினார். சில பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். மாமனார் மண்டபம் முழுக்க ஒரு தடவை பார்த்தார். “மத்தவங்கல்லாம் எதுக்கு வந்தீங்க?”

அப்பாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “பக்கத்து ஊட்ல எயவு உயுந்தா நம்மூட்ல அடுப்பு பத்த வெப்பமா?” என்றார்.

மாமனார் மாமியாரைக் கூப்பிடத் திரும்பினார். நாற்காலியில் அவர் இல்லை.

அதே மூலையில், அந்தப் பெண்களுக்கு நடுவில், ஜமக்காளத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வயர் கம்பெனிப் பெண் ஒருத்தியின் பேச்சு வாடையைக் கேட்டு எந்த ஊர் என்று விசாரித்திருக்கிறார். மன்னார்குடிப் பக்கம், மாமியார் பிறந்த ஊருக்கு அடுத்த ஊர். அப்புறம் கேட்க வேண்டுமா? யார் வீட்டுப் பெண், எந்தத் தெரு, பாட்டியை எங்கே கட்டிக் கொடுத்தது என்று பேச்சு இரண்டு தலைமுறை தாண்டிவிட்டது. ஊரிலேயே ஆபத்தான இடம் என்று நினைத்துப் பயந்த இடத்தில், கைதான ஒருத்தி பிரித்துக் கொடுத்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“கெளம்பு. கதவைத் தொறந்துட்டாங்க” என்றார் மாமனார்.

“நீங்க போறதுன்னா போங்க. இந்தப் பொண்ணுக்கு வேலை போயிடுச்சாம், கேட்டுக்கிட்டிருக்கேன்.” ஒரு வாய் சாதத்தை விழுங்கிவிட்டு மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு சொன்னார்: “ஆறு மணிக்கு இவங்க எல்லாரையும் விட்டுடுவாங்களாமே. அப்புறம் யாரு இருப்பா? சபை நெறைஞ்சிருக்கையிலயே தட்டை மாத்திட்டா என்ன?”

அம்மா வாழைப்பழத்தைக் கீழே போட்டுவிட்டாள். அப்பா முகத்தைத் துடைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்தார். மாமனார் கதவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பஞ்சாங்கத்தைக் கேட்டார். நல்ல நேரம்தான்.

எட்டியப்பன்தான் நிச்சயப் பத்திரிகை வாசித்தார். குரல் அவருடையது, வேறு யாருக்குக் கொடுப்பது? அவருக்குத் தெரிந்த ஒரே வாசிப்பு முறை தீர்மானம் வாசிப்பது. இன்னார் பேத்தியை இன்னார் பேரனுக்கு என்று முழங்கி முடித்ததும் வழக்கப்படி வாயிலிருந்து வந்துவிட்டது. “ஆதரிப்பவர்கள் கை தூக்கவும்!” அத்தனை கையும் மேலே போயிற்று. தோரணம் கட்டின போலீஸ்காரரும் தூக்கினார். மாமியாரும் தூக்கினார். தட்டு மாற்றினார்கள். ஒரு நொடி எல்லோரும் சும்மா இருந்தார்கள். கூட்டம் அப்படிச் சும்மா இருப்பது எட்டியப்பனுக்குப் பொறுக்காது.

“சம்பந்தி ஒற்றுமை!”

“ஓங்குக!” என்று மண்டபம் அதிர்ந்தது. கேட்டில் நின்றிருந்த சைக்கிள்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மாமியார் மகனைத் திரும்பிப் பார்த்தார். “பந்தியில கோஷம் போடுவாங்கன்னு சொன்னேனா இல்லையா?” சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் தாம்பாளத்துத் தேங்காய் உருண்டது. கேசரி ஆளுக்கு ஒரு கரண்டி வந்தது. போண்டாவைப் பாதிப் பாதியாகப் பிய்த்துக்கொண்டார்கள். ஆறு மணிக்கு எல்லாரையும் விடுதலை செய்தார்கள், என்னைத் தவிர என்று பாஸ்கரன் சொல்வார். பழைய ஜோக்தான், விட்டுவிடுங்கள்.

வயர் கம்பெனி என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். திறந்தார்கள். கொஞ்ச வருஷம் ஓடியது. அப்புறம் ஒரேயடியாக மூடிவிட்டார்கள். அதற்கு மறியல் செய்ய அப்போது ஆள் இல்லை. எல்லாக் கம்பெனிகளும் ஒவ்வொன்றாக அப்படித்தான் போயின, ஷிஃப்டுக்குச் சங்கு ஊதுவதும் நின்றது. அப்பாவின் லேத் நின்ற இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டிடம். அப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

அந்த நாளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சங்கத்துக்காரர் இறந்தால் தூக்குவதற்கு முன்னால் முழக்கம் போட்டு வழியனுப்புவது வழக்கம். வந்திருந்தவர்கள் எல்லாம் கிழவர்கள். எட்டியப்பன் தன் கட்சித் துண்டை அப்பா மேல் செங்கொடிக்குப் பக்கத்தில் போர்த்திவிட்டுத் தலைமாட்டில் நின்றார். “தோழர் சிங்காரத்துக்கு” என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வரவில்லை. ரயில் சத்தத்தை மீறின அந்தக் குரல் உடைந்துவிட்டது. அப்போது என் பின்னாலிருந்து ஒரு குரல் எடுத்துக்கொடுத்தது. ரொம்ப மெல்லிய, பழக்கமே இல்லாத குரல். “தோழர் சிங்காரத்துக்கு… செவ்வணக்கம்!” கும்பகோணத்திலிருந்து ராத்திரியெல்லாம் உட்கார்ந்து வந்திருந்த என் மாமனார். கையை மடக்கி எவ்வளவு உயரம் தூக்குவது என்று தெரியாமல் காது வரைக்கும் தூக்கியிருந்தார். நாங்கள் எல்லோரும் பதில் சொன்னோம். நான் அன்று அழுதது அப்போதுதான்.

நேற்று அந்த ஃப்ளாட்டுக்குள் நுழைய வாசலில் எங்கள் பெயரை எழுதிக்கொண்டார்கள். பாஸ்கரன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். செல்போனுக்கு ஒரு எண் வந்தது, அதைச் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. நாலாவது மாடி. காலி அறைகள், புதுச் சுண்ணாம்பு வாசனை. விற்கிற பையன் நல்ல துடியான பிள்ளை, நித்யாவின் கவலையைப் புரிந்துகொண்டான். “மேடம், நீங்க நெனைக்கிற மாதிரி பழைய அம்பத்தூர் கெடையாது. இங்க பக்கத்து ஃப்ளாட்ல யார் இருக்காங்கன்னே உங்களுக்குத் தெரியாது. அவ்வளவு அமைதி.” அவள் முகம் தெளிந்தது. செல்போனில் ஒவ்வொரு அறையாகப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். பாஸ்கரன் பால்கனியில் நின்று கைப்பிடிக் கம்பியின் கனத்தை விரலால் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மட்டும் ஹாலின் நடுவில் நின்று, மண்டபத்து மேடை இங்கிருந்து கீழே எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று கணக்குப் பார்த்தேன். சமையலறை வருகிற இடத்துக்கு நேர் கீழே என்று பட்டது. என்ன தோன்றியதோ, இந்த வயசில் எனக்கு.

“சம்பந்தி ஒற்றுமை!” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

பையன் திடுக்கிட்டான். நித்யா செல்போனை இறக்கினாள். பால்கனியில் என் கணவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் தூக்கினார்.

“ஓங்குக!”

காலி அறையானதால் அந்தக் குரல் சுவரில் பட்டு ஒரு தடவை திரும்பி வந்தது. அப்புறம் லிஃப்ட் இறங்குகிற சத்தம். மண்டபத்து மற்றக் குரல்களுக்காக நான் இன்னும் கொஞ்ச நேரம் காத்துக்கொண்டு நின்றேன். பழக்கதோஷம்.